பிளாட்டினமா, எலெக்ட்ரானிக்கா? பழைய வண்டிக்கு எதை வைத்துக்கொள்வது

என் பழைய யெஸ்டி பைக்கின் டூல் பாக்ஸில் ஒரு மாத்திரை டப்பா எப்போதும் கிடக்கும். அதற்குள் ஒரு பிளாட்டினம் செட், ஒரு கண்டன்சர், மடித்த உப்புத்தாள் ஒரு துண்டு. பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்கு இறங்கும்போதும் சரி, தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக் காட்டுச்சாலையில் போகும்போதும் சரி, அந்த டப்பா இல்லாமல் நான் கிளம்பியதில்லை. கிருஷ்ணகிரியில் இருக்கும் என் மைத்துனரின் புல்லட்டில் இப்படி ஒரு டப்பா கிடையாது. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் வேலையைப் பிளாட்டினத்திடமிருந்து எடுத்து எலெக்ட்ரானிக் யூனிட்டிடம் கொடுத்த பிறகு, பிளாட்டினம் இருந்த வட்ட மூடியை அவர் திறந்தே பார்த்ததில்லை. இருவரும் சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்பது என் கட்சி. ஆனால் இருவருமே அந்த முடிவுக்கு வருவதற்கு முன் தப்பாகச் சில மாதங்களைச் செலவழித்தோம். நீங்கள் அந்த மாதங்களை மிச்சம் பிடிக்கலாம்.

முதலில் ஒரு வார்த்தை. இன்ஜின் சுற்றும்போது திறந்து மூடி, பொறியை வரவைக்கும் ஒரு ஜோடி முனைகளைத்தான் நம் பட்டறைகளில் பிளாட்டினம் என்கிறார்கள். அதில் இன்று பிளாட்டினம் கிடையாது, முனைகள் டங்ஸ்டன். பழங்கால மேக்னெட்டோக்களில் உண்மையிலேயே பிளாட்டினம் கலந்த முனை இருந்தது. உலோகம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

பொறி வரும் வழி

பாட்டரியின் கரண்ட் சாவியைத் தாண்டி, வோல்ட்டை உயர்த்தும் காயிலின் முதல் சுற்றுக்குள் ஓடி, மூடியிருக்கும் பிளாட்டினம் முனைகள் வழியாக எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக உடல் வழியே பாட்டரியின் மறுமுனைக்குப் போகிறது. இன்ஜினோடு சுழலும் மேடுள்ள துண்டான கேம் சுற்றிவந்து முனைகளைப் பிரிக்கும் கணத்தில் ஓட்டம் அறுகிறது. காயிலில் தேங்கியிருந்த காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுந்து பிளக்கின் இடைவெளியைத் தாவுகிறது. அந்த அறுபடல் வெடுக்கென்று நடக்க வேண்டும். பிரியும் முனைகளுக்கிடையே பொறி இழுபட்டால் பிளக்குக்குப் போக வேண்டியது அங்கேயே வீணாகிவிடும். அதைத் தடுக்கத்தான் கண்டன்சர். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்களுக்காகச் செய்த ஏற்பாடு இது.

எலெக்ட்ரானிக்கில் முக்கியமாக மாறுவது அந்த ஓட்டத்தை அறுக்கும் கை. முனைகளின் இடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் வருகிறது, கேமின் இடத்தில் ஒரு காந்தமும் அதை உணரும் பிக்கப்பும் வருகின்றன. பாட்டரி, சாவி, ஒயரிங், எர்த் எல்லாம் பழையவைதான். ஆகவே அவற்றில் ஏற்கெனவே ஒரு கோளாறு இருந்தால் அது புது யூனிட்டுக்கும் சீதனமாக வந்து சேரும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

முதல் படி: பிளாட்டினத்தைத் திட்டுவதற்கு முன்

வண்டியைப் புதுப்பித்து, சேஸிஸுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்த புதிதில், என் யெஸ்டி தொப்பூர் மேட்டில் ஏறும்போதெல்லாம் மிஸ்ஸிங் அடித்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பிளாட்டினம் செட் மாற்றினேன். எலெக்ட்ரானிக் கிட் வாங்கப் பணமும் எடுத்து வைத்துவிட்டேன். பாலக்கோட்டில் வயதான மெக்கானிக் ஒருவர், மீட்டரின் ஒரு முனையை பாட்டரியின் நெகடிவ்விலும் மறுமுனையை இன்ஜினிலும் வைத்துக் காட்டினார். சாவி போட்டு, முனைகள் மூடியிருந்த நிலையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இருப்பதே ஆறு வோல்ட். “தம்பி, பெயிண்டுக்கு மேலேயே எர்த்தை முறுக்கியிருக்கிறீர்கள்” என்றார். போல்ட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டி, இன்ஜினிலிருந்து நேராக பாட்டரிக்குத் தடித்த ஒயர் ஒன்று இழுத்ததும் வண்டி மேட்டில் முணுமுணுக்காமல் ஏறியது.

எனவே ஒரு டிஜிட்டல் மீட்டரை எடுத்துக்கொண்டு இந்த வரிசையில் பாருங்கள். ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பாட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். ஆறு வோல்ட் பாட்டரிக்கு இது 6.3, 6.1. இன்ஜினை ஓடவிட்டு வேகம் கூட்டினால் 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சார்ஜிங் கோளாறு. அதை முடிக்காமல் இக்னிஷன் பக்கம் போகவே வேண்டாம். அடுத்து பாட்டரி பாசிடிவ்வுக்கும் காயிலின் உள்வரும் முனைக்கும் நடுவில், சாவி போட்டு பிளாட்டினம் மூடியிருக்கும்போது அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சாவியோ கனெக்டரோ கரண்டைத் தின்கிறது. நாற்பது வருட சாவி ஸ்விட்ச்சில் இது சர்வசாதாரணம். கடைசியாக, மூடிய பிளாட்டினத்தின் இரு பக்கமும் அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

மேற்சொன்ன நான்கும் சரியான பிறகும் தொல்லை இருந்தால் மட்டுமே அடுத்த படி.

இரண்டாவது படி: பிளாட்டினத்துக்கு ஒரு நியாயமான வாய்ப்பு

பலர் பிளாட்டினத்தை வெறுப்பதற்குக் காரணம், சரியாக வைக்கப்பட்ட பிளாட்டினத்தில் அவர்கள் ஓட்டியதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை இதற்கு ஒதுக்குங்கள்.

மூடியைத் திறந்து முனைகளைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நல்லது. ஒன்றில் குழியும் மற்றொன்றில் மேடும் இருந்தால் கண்டன்சரைச் சந்தேகியுங்கள். கருகி நீலம் பாய்ந்திருந்தால் காயில் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது. 12 வோல்ட் பிளாட்டினம் காயிலின் முதல் சுற்று ஏறக்குறைய 3 முதல் 4 ஓம் இருக்கும். நான்கு ஆம்பியருக்குள் அடங்கும். யாராவது அங்கே ஒரு சி.டி.ஐ காயிலை (பின்னால் சொல்லப்போகும் ஒரு எலெக்ட்ரானிக் வகைக்கானது) மாட்டியிருந்தால் அது ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்கும், பிளாட்டினம் சில வாரங்களிலேயே கருகிப் போகும்.

சிறிய மேடுகளை நுண்ணிய அரத்தால் எடுக்கலாம். உப்புத்தாள் அவசரத்துக்கு மட்டுமே. அதன் மணல் முனையில் பதிந்துவிடும். எதால் தேய்த்தாலும் கடைசியில் பெட்ரோலில் நனைத்த வெள்ளைக் காகிதத்தை முனைகளுக்கு நடுவில் விட்டு, கறுப்பு ஒட்டாத வரை இழுத்தெடுங்கள். புதுச் செட் என்றாலும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் துரு பிடிக்காமலிருக்கக் கம்பெனியில் எண்ணெய் தடவித்தான் அனுப்புகிறார்கள்.

பிறகு இடைவெளி. முனைகள் முழுவதும் விரிந்திருக்கும் நிலையில், பழைய புல்லட்டுக்கு 0.35 முதல் 0.40 மி.மீ., ஜாவா, யெஸ்டிக்கு 0.40 மி.மீ. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு லேசாகப் பிடித்து நகர வேண்டும். இடைவெளியை முதலில் வையுங்கள், பொறி விழும் நேரமான டைமிங்கை அப்புறம். இடைவெளி கூடினால் முனைகள் சீக்கிரமே பிரியும், டைமிங் முன்னே போகும். குறைந்தால் பின்னே போகும். வரிசையை மாற்றிச் செய்தால் முதல் வேலை கெட்டுவிடும்.

டைமிங் பார்க்க ஒரு சிறிய பல்பு போதும். ஒரு ஒயரை பிளாட்டினத்தின் ஒயர் முனையிலும் மற்றதை இன்ஜின் எர்த்திலும் தொடுத்து, சாவியைப் போட்டு, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முனைகள் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது. பிரியும் கணத்தில் எரியும். அந்தக் கணத்தில் பிஸ்டன் உச்சிக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் டைமிங். கார்பரேட்டர் புல்லட் 350-க்கு, வேகம் கூடும்போது பொறியை முன்னே தள்ளும் அட்வான்ஸ் குண்டுகள் ஓய்ந்திருக்கும் நிலையில் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால். யெஸ்டியில் அட்வான்ஸ் பொறிமுறை கிடையாது, நிலையான டைமிங். அதன் அளவு மாடலுக்கு மாடல் வேறு, உங்கள் வண்டிக்குரிய கையேட்டையே நம்புங்கள். அளக்க டயல் கேஜ் கடன் வாங்குவது நல்லது. யெஸ்டியில் சைக்கிள் போக்குக்கம்பி விட்டும் சமாளிக்கலாம். புல்லட்டின் பிளக் துவாரம் சாய்வாக இருப்பதால் கம்பி சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு.

கேமைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு ஃபெல்ட் துண்டுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். இரண்டாம் சொட்டு முனைகளுக்குப் போய்விடும். எண்ணெய் இல்லாத ஃபெல்ட் இருந்தால், கேமில் உரசும் பிளாட்டினத்தின் ஹீல் தேய்ந்து, இடைவெளி குறைந்து, டைமிங் தானாகப் பின்னே போகும். பலர் “வண்டி டல்லாகிவிட்டது” என்று கார்பரேட்டரைக் கழற்றுவது இந்த நிலையில்தான். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிளாட்டினம் திறந்து மூடுகிறது. நான்கு ஸ்ட்ரோக் புல்லட்டில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை. ஆகவே யெஸ்டிக்காரர் புல்லட்காரரைவிட அடிக்கடி மூடியைத் திறக்க வேண்டியிருக்கும்.

கண்டன்சரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று பிளாட்டினம் முறையின் மிகப் பலவீனமான உறுப்பு அதுதான். கடையில் பெட்டி பிரிக்காமல் வாங்கியது ஒன்று, நல்ல சித்திரை வெயிலில், பென்னாகரம் தாண்டுவதற்குள் என்னைக் கைவிட்டது. அடையாளம் தெளிவாக இருக்கும்: குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடும், சூடேறியதும் நின்றுவிடும், புளியமரத்தடியில் அரை மணி நேரம் நிறுத்தினால் மறுபடி கிளம்பும். முனைகளுக்கிடையே தடித்த பொறி பறந்தால் கண்டன்சர் உள்ளே அறுந்திருக்கிறது. முனை பிரிந்தும் பல்பு எரியவே இல்லை என்றால் உள்ளே ஷார்ட். இதற்கு ஒரு நல்ல வழி, கண்டன்சரை இன்ஜின் சூட்டிலிருந்து எடுத்து டேங்குக்கு அடியில் காயில் பக்கத்தில் மாட்டிவிடுவது. மின்சாரத்துக்கு அது ஒன்றுதான். கண்டன்சருக்கு அது ஊட்டி. பழைய, ஓடிக்கொண்டிருக்கிற கண்டன்சரைப் புதிது வாங்கிய மகிழ்ச்சியில் எறிந்துவிடாதீர்கள்.

மூன்றாவது படி: தேய்மானம் எங்கே?

எலெக்ட்ரானிக்குக்கு மாற உண்மையான காரணம் ஒன்று உண்டென்றால் அது இங்கே இருக்கிறது. டைமிங்கை ஒழுங்காக வைத்தும் அது நிற்கவில்லையா? புல்லட்டில் பிளாட்டினம் கேமின் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்து ஆடினால் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும். யெஸ்டியில் கேம் கிராங்க் முனையிலேயே இருப்பதால், மெயின் பேரிங் தேய்ந்தால் அதே கதை. முனை பிரிவதை நம்பும் முறை இந்த ஆட்டத்தை அப்படியே டைமிங்கில் காட்டும். காந்தமும் பிக்கப்பும் உள்ள முறை கொஞ்சம் ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பேரிங் போன இன்ஜினுக்கு எலெக்ட்ரானிக் போடுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பதுதான்.

இரட்டை சிலிண்டர் ஆர்.டி. 350 பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படியில் பெரிதாக யோசிக்க எதுவுமில்லை. இரண்டு பிளாட்டினம், இரண்டு கண்டன்சர், இரண்டு காயில். இரண்டு சிலிண்டருக்கும் டைமிங் ஒன்றாக நிற்க வேண்டும், ஒன்று முன்னே ஓடினால் பிஸ்டனில் ஓட்டை விழும். நானாக இருந்தால் மாற்றிவிடுவேன்.

நான்காவது படி: எந்த எலெக்ட்ரானிக்?

கடையில் கேட்டால் எல்லாவற்றையும் சி.டி.ஐ என்றே சொல்வார்கள். உண்மையில் மூன்று வகை.

ஒன்று, பிளாட்டினத்தை அப்படியே வைத்துக்கொண்டு டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்றை நடுவில் சேர்ப்பது. காயிலின் நான்கு ஆம்பியரைப் பெட்டி சுமக்கிறது. முனைகள் வெறும் சைகை மட்டும் கொடுக்கின்றன. முனை கருகாது, கண்டன்சர் தேவையில்லை. ஹீல் மட்டும் தேயும். கரண்ட் குறைவாக இருப்பதால் முனையில் எண்ணெய்ப் படலம் ஒட்டினால் தானாக எரிந்து போகாது, சுத்தமாக வைத்திருக்க வேண்டும். இதன் அருமை, பெட்டி செத்தால் இரண்டு ஒயரை மாற்றிச் செருகி, கண்டன்சரைச் சேர்த்துப் பழையபடி வீட்டுக்கு வந்துவிடலாம். அலங்காரமில்லாத இந்த வகையை யாரும் பரிந்துரைப்பதில்லை, நான் பரிந்துரைக்கிறேன்.

இரண்டாவது டி.சி.ஐ, அதாவது டிரான்சிஸ்டர் கட்டுப்படுத்தும் இக்னிஷன். பிளாட்டினம் போய்விடும், பிக்கப் வரும். பாட்டரியை நம்பி வாழும். சில கிட்டுகள் அட்வான்ஸைத் தாங்களே பார்த்துக்கொள்ளும், அப்போது பழைய குண்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் கழற்றிவிட வேண்டும். சில கிட்டுகள் பழைய குண்டுகளையே பயன்படுத்தும், அப்போது தளர்ந்த ஸ்பிரிங்கின் கோணல் புத்தி அப்படியே தொடரும். வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

மூன்றாவது, நிஜமான சி.டி.ஐ. இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னட்டில் இருக்கும் தனிச் சுற்று ஒன்று நூற்றுக்கணக்கான வோல்ட்டைக் கண்டன்சரில் நிரப்பி, வேண்டிய கணத்தில் காயிலுக்குள் கொட்டும். பாட்டரியே இல்லாமலும் ஓடும். 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கிலேயே இது இருந்தது, ஆக இதுவும் இப்போது பழைய சரக்குதான். யெஸ்டியில் இதைப் போட டைனமோவைக் கழற்றி மேக்னட், ஸ்டேட்டர் எல்லாம் மாற்ற வேண்டும். செக் நாட்டின் வேப் நிறுவனம் ஜாவாவுக்கென்றே இப்படி 12 வோல்ட் தொகுப்பு செய்கிறது. செலவு பெரிது. ஆனால் ஹெட்லைட் மெழுகுவர்த்தி நிலையிலிருந்து விளக்காக மாறும். ராயக்கோட்டைப் பாதையில் இரவில் போகிறவர்களுக்கு அதுவே போதுமான காரணம்.

ஐந்தாவது படி: எங்கே நிற்கும், யார் தொடுவார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பிளாட்டினம் சாகும்போது சொல்லிவிட்டுச் சாகும். ஸ்டார்ட்டிங் கடினமாகும், மிஸ்ஸிங் அடிக்கும், அப்புறம் நிற்கும். அப்போதும் சாலையோரம் உட்கார்ந்து ஒரு விசிட்டிங் கார்டின் கனத்தில் இடைவெளி வைத்து ஊர் சேரலாம். காவேரிப்பட்டணத்திலோ அரூரிலோ ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எந்த மெக்கானிக்கும் அதைச் செய்து கொடுப்பார். எலெக்ட்ரானிக் யூனிட் பல வருடம் ஒரு சத்தமும் போடாமல் ஓடிவிட்டு, ஒரு நாள் சுவிட்ச் அணைத்ததுபோல் நின்றுவிடும். யாரும் திறந்து பார்க்க முடியாது. மாற்று யூனிட்டுக்குப் பெங்களூர் ஜே.சி. ரோடு போக வேண்டும், அல்லது கூரியருக்குக் காத்திருக்க வேண்டும்.

என் மைத்துனர் தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போய்வருகிறார். நெடுஞ்சாலை, பஸ் உண்டு, நின்றால் ஒரு போன் போதும். அவர் மூடியைத் திறக்க விரும்பாதவர். அவருக்கு டி.சி.ஐ சரி. நான் மாதத்துக்கு இரண்டு முறை, செல்போன் கோடு காட்டாத காட்டுப்பக்கம், யானை நடமாட்டமுள்ள சாலையில் ஓட்டுகிறேன். எனக்குக் கைவேலை பிடிக்கும். எனக்கு பிளாட்டினம். இதில் எது உயர்ந்தது என்ற பேச்சே எழவில்லை.

புல்லட்காரர்களுக்கு ஒரு இழப்பையும் சொல்லிவிடுகிறேன். சாவி போட்டு கிக்கரை மெல்ல அழுத்தும்போது, முனைகள் மூடியிருந்தால் அம்மீட்டர் முள் கீழே சாய்ந்திருக்கும், பிரிந்ததும் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சியருகே வந்துவிட்டதற்கு அதுதான் சைகை. சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேவிடும் டிகம்ப்ரஷரைப் பிடித்து ஒரு துளி தாண்டவிட்டு உதைக்க வேண்டும். எலெக்ட்ரானிக் போட்ட பிறகு முள் அப்படிப் பேசாது. காலால் உணர்ந்துதான் உதைக்க வேண்டும். என் மைத்துனர் இதற்குப் பழக ஒரு மாதம் ஆனது.

ஆறாவது படி: மாற்றுவதென்றால்

கிட்டைப் பிரிப்பதற்கு முன் பழைய பிளாட்டினம் தட்டும் பாடியும் சேருமிடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். போட்டோவும் எடுங்கள். பாட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும். வண்டி பாசிடிவ் எர்த்தா, நெகடிவ் எர்த்தா என்று பாருங்கள்; மிகப் பழைய வண்டிகளில் பாசிடிவ் எர்த் வரும். மாற்றிக் கொடுத்தால் யூனிட் அந்த நொடியிலேயே போய்விடும்.

காயில் கிட்டுக்குப் பொருந்துகிறதா என்று ஓம் அளந்து பாருங்கள், கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். பிளக் கேப்பில் 5,000 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும், அல்லது எண்ணில் ஆர் என்ற எழுத்து வரும் ரெசிஸ்டர் பிளக் போடலாம். இல்லாவிட்டால் பொறியின் இரைச்சல் பிக்கப்பையே குழப்பும். யூனிட்டை இன்ஜினுக்கு மேல் கட்டாதீர்கள். பக்கவாட்டுப் பெட்டிக்குள், காற்றுப் படும் இடத்தில், ரப்பர் வைத்து. அதன் எர்த் ஒயர் நேராக பாட்டரிக்கே போகட்டும். என் பெயிண்ட் கதையை மறக்க வேண்டாம்.

பல்பு டைமிங் இங்கே முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும்தான் உதவும். அதன் பிறகு, ஒவ்வொரு பொறிக்கும் மின்னி டைமிங்கைக் காட்டும் ஸ்ட்ரோப் லைட்டை வைத்து, கிட் சொல்லும் வேகத்தில், முழு அட்வான்ஸைப் பார்த்துத் தட்டைத் திருப்பி முறுக்குங்கள். ஸ்ட்ரோப் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பிளக்கை வெளியே எடுத்து எர்த் தொடாமல் உதைப்பது யூனிட்டைக் கொல்லும் நிச்சயமான வழி. வெல்டிங் செய்யப் போனால் யூனிட்டின் ஒயர் கனெக்டரைக் கழற்றுங்கள். பாட்டரி 10 வோல்ட்டை ஒட்டி இறங்கினால் சில யூனிட்டுகளுக்கு நேரம் தப்பும், கிக்கர் திருப்பி அடிக்கும். என் மைத்துனரின் கணுக்கால் வீங்கியது அப்படித்தான். பாட்டரி ஐந்து வருடப் பழசு, பழி மட்டும் புதுக் கிட்டின் மேல் விழுந்தது. எலெக்ட்ரிக் ஸ்டார்ட் உள்ள புல்லட்டில் அதே திருப்பியடி ஸ்டார்ட்டரின் ஒரே பக்கம் மட்டும் பிடிக்கும் ஸ்ப்ராக் கிளட்சைத் தின்றுவிடும்.

கழற்றிய பிளாட்டினம் தட்டை, கண்டன்சரோடு சேர்த்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வண்டியிலேயே வையுங்கள். பழைய காயிலைக் கழற்றியிருந்தால் அதையும். போன மாம்பழ சீசனில் அவர் வீட்டு வாசலில் நாங்கள் ஒத்திகை பார்த்தோம்: கீறிய கோட்டுக்குக் கோடு வைத்து, டி.சி.ஐ-யை எடுத்துவிட்டு பிளாட்டினத்துக்குத் திரும்ப நாற்பது நிமிடம் ஆனது. அதில் பத்து நிமிடம் காணாமல் போன ஒரு ஸ்க்ரூவைத் தேடியது.